குட்டிதானே கடிச்சுது... விட்டுவிடலாமா?

உங்கள் வீட்டுக்குப் புதிதாக ஒரு நாய்க்குட்டி வந்திருக்கிறதா? அப்படியானால் இந்நேரம் வாசலில் விட்ட செருப்பில் ஒன்று காணாமல் போயிருக்கும். கோலம் போடக் குனிந்த அம்மாவின் புடவைத் தலைப்பு கிழிந்திருக்கும். பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையின் ஷூ லேஸ், ஈஸிசேரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் தாத்தாவின் கால் கட்டைவிரல் என்று எதையும் அது விட்டுவைத்திருக்காது. முதல் வாரம் எல்லாரும் சிரித்திருப்பீர்கள். இரண்டாவது வாரம் யாருக்காவது கையில் சுருக்கென்று பல் பட்டு, லேசாக ரத்தமும் வந்திருக்கும். "பால் ஊத்தி வளர்க்கிற கையையே கடிக்குதே!" என்ற பேச்சும் கிளம்பியிருக்கும்.

நாய்க்குட்டியைப் பற்றி ஒரு சித்த வைத்தியர் ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏனாத்தூர், உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் நாய் கடித்தால் இன்றைக்கும் சிலர் முதலில் தேடி வருவது என்னைப் போன்ற சித்த வைத்தியரைத்தான். அதிலும் கடித்தது குட்டி என்றால் சொல்லவே வேண்டாம். "குட்டிதானே டாக்டர், ஏதாவது பச்சிலை வெச்சுக் கட்டி விட்டுடுங்க" என்பார்கள்.

எனவே இரண்டு விஷயங்களைச் சொல்லப் போகிறேன். ஒன்று, குட்டி வாய் வைப்பது கெட்ட குணம் அல்ல. பொறுமை இருந்தால் சில வாரங்களில் மாற்றிவிடலாம். இரண்டு, பல் பட்டுத் தோல் கீறிவிட்டால் குட்டி, பெரிசு என்ற பேச்சே கிடையாது. நாய்க்கடி என்றால் நாய்க்கடிதான். முதல் விஷயத்துக்கு எவ்வளவு பொறுமை வேண்டுமோ, இரண்டாவதற்கு அவ்வளவு அவசரம் வேண்டும்.

கடிப்பது குணமா, பருவமா?

எட்டு மாதக் குழந்தை என்ன செய்யும்? கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும். கிலுகிலுப்பை, சாவிக்கொத்து, அம்மாவின் தாலிச்சரடு எல்லாம் அதற்கு ஒன்றுதான். நாய்க்குட்டிக்கோ கை என்ற ஒன்று கிடையாது. அதற்கு வாய்தான் கை. ஒரு பொருள் மிருதுவா, கடினமா, உயிருள்ளதா, இல்லாததா என்று வாயில் கவ்விப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும்.

அதோடு பல் முளைக்கும் அவஸ்தை வேறு. குட்டிக்கு மூன்றாவது வாரத்தில் பால் பற்கள் முளைக்கத் தொடங்கி, ஆறாவது வாரத்துக்குள் ஏறக்குறைய எல்லாமே வந்துவிடும். மொத்தம் 28 பற்கள். ஒவ்வொன்றும் ஊசிமுனைதான்! நாலாவது மாதத்தை ஒட்டி இவை விழ ஆரம்பிக்கும். ஆறு, ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிடும். இந்த இடைப்பட்ட காலத்தில் ஈறு வீங்கும், அரிக்கும், வலிக்கும். எதையாவது கடித்துக்கொண்டே இருந்தால்தான் அதற்குச் சுகம். தரையில் அரிசி மாதிரி ஒரு பல் கிடந்தாலோ, அது கடிக்கும் பொம்மையில் லேசாக ரத்தக் கறை தெரிந்தாலோ பதற வேண்டாம். பல் விழுந்து முளைக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது காரணம், அசைவது எதுவானாலும் துரத்திப் பிடிக்கும் சுபாவம். புடவைக் கொசுவமும், வேட்டி நுனியும், ஓடும் பிள்ளையின் கணுக்காலும் அதன் கண்ணுக்கு வேட்டைப் பொருள்கள். நாலாவது காரணத்தைப் பலர் கவனிப்பதே இல்லை: தூக்கம். குட்டி ஒரு நாளில் பெரும்பகுதி நேரம் தூங்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லாம் தூக்கி வைத்துக் கொஞ்சினால் அது எப்படித் தூங்கும்? சாயங்காலம் ஆனதும் பேய் பிடித்த மாதிரி ஓடி, கண்டதையும் கவ்வும் குட்டிகள் பல தூக்கம் போதாத குட்டிகள்தான். தூக்கம் வந்தால் நம் வீட்டுக் குழந்தைகள் சிணுங்குவது இல்லையா? அதே கதைதான்.

தாயிடம் படிக்க வேண்டிய பாடம்

பெரிய நாய்கள் விளையாட்டில் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பல் பதியாமல் கவ்வும். இந்த அளவு அவற்றுக்கு எப்படித் தெரிந்தது? கூடப் பிறந்தவர்களிடம் கற்றுக்கொண்டதுதான். ஒரு குட்டி இன்னொன்றைப் பலமாகக் கடித்தால், கடிபட்டது 'வீல்' என்று கத்தும். விளையாட்டை நிறுத்திவிட்டு நகர்ந்து போகும். பால் குடிக்கும்போது பல் அழுந்தினால் தாய் எழுந்து போய்விடும். 'ஓகோ, அழுத்திக் கடித்தால் விளையாட்டும் இல்லை, பாலும் இல்லை' என்று குட்டிக்குப் புரியும். இந்தப் பாடத்துக்காகவாவது எட்டு வாரம் வரை தாயோடும் மற்ற குட்டிகளோடும் அது இருக்க வேண்டும்.

நம் ஊரில் நடப்பது என்ன? மழை முடிந்து பனி தொடங்கும் மாதங்களில் எந்தத் தெருவில் பார்த்தாலும் நாலைந்து குட்டிகள் உருளும். பிள்ளைகளுக்கு ஆசை தாங்காது. நாலு வாரம்கூட ஆகாத குட்டியை டவுசருக்குள் மறைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பணம் கொடுத்து ஜாதிக் குட்டி வாங்கும் வீடுகளிலும் 'சின்னதா இருந்தாத்தான் நம்மகிட்ட ஒட்டும்' என்று சீக்கிரமே பிரித்து வாங்குகிறார்கள். ஒட்டும்தான். ஆனால் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்த பிள்ளை அது. மிச்சப் பாடத்தை நீங்கள்தான் நடத்த வேண்டும்.

சரி, இப்ப என்ன பண்றது?

தாய் நாய் செய்ததையே செய்யுங்கள். பல் பட்டதும் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் அதற்கு அது இன்னொரு விளையாட்டு. பல் கிழித்துக் காயமும் பெரிதாகும். கையைத் தளர விடுங்கள். "ஆ!" என்று ஒரே ஒரு சத்தம் கொடுங்கள். சில குட்டிகளுக்குச் சத்தம் கேட்டால் உற்சாகம் அதிகமாகும். அப்படிப்பட்ட குட்டியிடம் சத்தமே போடாமல் எழுந்து, முதுகைக் காட்டி நில்லுங்கள். அரை நிமிஷம் போதும். அது அமைதியானதும் மறுபடி விளையாடலாம். திரும்பவும் கடித்தால் திரும்பவும் அதேதான். ஒரு நாளில் இருபது தடவை செய்ய வேண்டியிருக்கும். சலிக்கக் கூடாது. பல் இருந்தால் ஆட்டம் இல்லை என்பது அதன் மண்டையில் ஏற இரண்டு மூன்று வாரம் பிடிக்கலாம்.

கடிக்காதே என்று சொன்னால் மட்டும் போதாது. எதைக் கடிக்கலாம் என்றும் காட்டிக் கொடுக்க வேண்டும். பழைய காடாத் துணியை நனைத்து, இறுக்கமாக முடிச்சுப் போட்டு, ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுங்கள். ஈறு வலிக்கு இதமாக இருக்கும். நூல் பிரிய ஆரம்பித்தால் உடனே மாற்றிவிடுங்கள்; வயிற்றுக்குள் போனால் வம்பு. தொண்டையில் சிக்காத அளவுக்குப் பெரிய, கெட்டியான ரப்பர் பொம்மை கடைகளில் கிடைக்கிறது. வேகவைத்த கோழி எலும்பு மட்டும் கூடவே கூடாது. அது சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும். பழைய செருப்பை 'இதை வெச்சுக்கோ' என்று கொடுக்காதீர்கள். பழைய செருப்பு எது, நேற்று வாங்கிய செருப்பு எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

விரலை ஆட்டி ஆட்டி விளையாட்டுக் காட்டாதீர்கள். கையைக் கடிக்கச் சொல்லிக் கொடுப்பதே பாதி வீடுகளில் நாம்தான்! கை என்றால் சோறு வரும், தடவிக் கொடுக்கும் என்று மட்டுமே அது அறிய வேண்டும். தட்டில் அது சாப்பிடும்போது பக்கத்தில் போய், ருசியான ஒரு துண்டை அதே தட்டில் போட்டுவிட்டு நகர்ந்து வாருங்கள். இப்படிச் சில நாள் செய்தால், தட்டருகே மனிதர் வந்தால் லாபம் என்று நினைத்துக்கொள்ளும். பின்னாளில் சாப்பாட்டுத் தட்டுக்காக உறுமிப் பாயும் பழக்கம் வராமல் தடுக்க இது நல்ல வழி.

எல்லாவற்றையும் விட முக்கியம், வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்வது. அம்மா பல் பட்டால் எழுந்து போகிறார். அப்பா ஆபீசிலிருந்து வந்ததும் கையைக் கொடுத்து, "கடி பார்க்கலாம்!" என்று மல்லுக்கட்டுகிறார். அந்தக் குட்டி யார் பேச்சைக் கேட்கும்?

அடித்துத் திருத்தலாமா?

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்ற பழமொழியைச் சொல்லிக்கொண்டு சிலர் குட்டியின் மூக்கில் சுண்டுவார்கள். வாயை இறுக்கிப் பிடிப்பார்கள். வாயில் மிளகாய்ப் பொடி தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அடிபட்ட குட்டி கற்றுக்கொள்வது 'கடிக்கக் கூடாது' என்பதை அல்ல. 'கை வந்தால் ஆபத்து' என்பதைத்தான். விளையாட்டுக்காகக் கவ்வியது, பிறகு பயத்தில் கடிக்க ஆரம்பிக்கும்.

நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டிப் போடுவதும் அப்படித்தான். ஓட வழியில்லாத நாய்க்குத் தற்காப்பு பல் ஒன்றுதான். மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மூன்றரை மாதம் வரைதான் குட்டி உலகத்தைப் பழகும் காலம். குடை பிடித்த ஆள், சைக்கிள், மிக்ஸி சத்தம், வெளியாட்கள், குழந்தைகள் என எல்லாவற்றையும் பயமில்லாமல் பழக்கிவிட வேண்டிய பருவம் அது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று நாம் வருஷக் கணக்கில் சொல்கிறோம். நாய்க்கு அது வாரக் கணக்கு!

விளையாட்டுக் கடியா, கோபக் கடியா?

இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். விளையாட வரும் குட்டியின் உடம்பு நெளிந்து குழைந்து இருக்கும். முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஆட்டும். நிஜமாகவே கடிக்கப் போகும் குட்டியின் உடம்பு விறைத்துவிடும். பார்வை ஒரே இடத்தில் நிலைக்கும். கண்ணின் வெள்ளை தெரியும். உதடு மேலே ஏறும். அடித்தொண்டையில் உறுமல் வரும். தட்டருகே போனாலோ, தொட்டாலோ, தூக்கினாலோ இப்படி நடந்தால் அது பருவக் கோளாறு அல்ல. உடம்பில் எங்காவது வலி இருக்கலாம். காதில் சீழ், உண்ணித் தொல்லை, அடிபட்ட கால் என்று எத்தனையோ காரணம் உண்டு. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உறுமியதற்காக அடிக்காதீர்கள். உறுமல் என்பது 'விலகிப் போ' என்று அது கொடுக்கும் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருந்த குட்டி திடீரென்று சோர்ந்து மூலையில் ஒதுங்கினாலோ, எச்சில் ஒழுகினாலோ, குரல் மாறினாலோ, தாடை தொங்கினாலோ, காரணமில்லாமல் கண்டதையும் கடித்தாலோ உஷாராகிவிடுங்கள். தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் அது தவிப்பதைப் பார்த்து, பாசத்தில் வாய்க்குள் கையை விட்டுத் தேடுகிறவர்கள் உண்டு. அது வெறிநோயாகவும் இருக்கலாம். கையை விடாதீர்கள். யாரும் கிட்டே போகாமல் அறையில் அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

பல் பட்டுவிட்டதா?

இனிச் சொல்லப் போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

ஒரு நாள் ஏழு வயதுப் பேரனை அழைத்துக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். தெருவிலிருந்து பையன் தூக்கி வந்த குட்டி, புறங்கையில் கடித்திருந்தது. இரண்டு பல் தடம், ரத்தம் காய்ந்திருந்தது. மேலே சுண்ணாம்பு.

"டாக்டரய்யா, குட்டிக்குப் பல்லே இப்பத்தான் முளைச்சிருக்கு. அதுல என்ன விஷம் இருக்கப் போவுது? ஊசின்னா புள்ள பயப்படறான். நீங்க ஏதாவது மூலிகை குடுங்க" என்றார் பாட்டி.

"பாட்டிம்மா, விஷம் பல்லுல இல்ல, எச்சில்ல இருக்கு. அந்தக் குட்டியை வேற எந்த நாய் கடிச்சுதோ, உங்களுக்குத் தெரியுமா?"

"அது எனக்கெப்படிங்க தெரியும்?"

"எனக்கும் தெரியாது. அதனாலதான் இப்பவே ஊசிக்குப் போகச் சொல்றேன்."

சுண்ணாம்பைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்து, அப்போதே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். பையனுக்கு ஊசிகள் முறையாகப் போடப்பட்டன. நன்றாக இருக்கிறான்.

இந்த எச்சரிக்கை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு உண்மைச் சம்பவம். 2025-ஆம் ஆண்டு, உத்தரப் பிரதேச மாநிலம் புலந்த்ஷஹர் மாவட்டத்தைச் சேர்ந்த 22 வயது கபடி வீரர் ஒருவர், சாக்கடையில் விழுந்து தவித்த நாய்க்குட்டியைக் காப்பாற்றினார். காப்பாற்றும்போது அது விரலில் கடித்துவிட்டது. சின்னக் காயம்தானே என்று அவர் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. சுமார் இரண்டு மாதங்கள் கழித்து ரேபிஸ் அறிகுறிகள் வந்தன. ஜூன் மாதம் இறந்துவிட்டார். மாநில அளவில் விளையாடிய திடகாத்திரமான இளைஞர்; கடித்ததோ ஒரு குட்டி!

நம் மாநிலக் கணக்கைப் பாருங்கள். 2024-இல் மட்டும் தமிழ்நாட்டில் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம் நாய்க்கடிகள் பதிவாயின. ரேபிஸால் 43 பேர் இறந்தார்கள். வெறிநோய் சந்தேகமுள்ள மிருகங்களிடம் கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்தக் கிருமி பாம்பு விஷம்போல் ரத்தத்தில் ஏறுவதில்லை. காயத்திலிருந்து நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளைக்குப் போகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். சில வாரங்களில் வருவதும் உண்டு. ஒரு வருஷம் கழிவதும் உண்டு. அந்த அவகாசம்தான் நமக்குக் கிடைத்த வரம். கிருமி மூளையை எட்டும் முன் ஊசி முந்திக்கொள்ள வேண்டும். அறிகுறி தோன்றிவிட்டால் அலோபதி, சித்தா, ஆயுர்வேதம் எதிலும் காப்பாற்ற வழியில்லை.

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். எங்கள் படிப்பில் நஞ்சு மருத்துவம் தனிப் பாடமாகவே உண்டு. அந்த மரியாதையோடுதான் சொல்கிறேன்: ரேபிஸுக்குத் தடுப்பூசிதான் வழி. பச்சிலை, வேர் அரைத்துக் குடிப்பது, மந்திரிப்பது எதையும் நம்பி ஒரு மணி நேரம்கூட வீணாக்காதீர்கள். நாய்க்கடிக்கு என்னிடம் வராதீர்கள். நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

உடனே செய்ய வேண்டியவை:

1. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தை 15 நிமிஷம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். நாம் 15 நிமிஷம் என்று நினைப்பது பெரும்பாலும் 3 நிமிஷமாகத்தான் இருக்கும்.

2. கழுவிய பின் போவிடோன் அயோடின் மருந்து இருந்தால் தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித் தூள், எண்ணெய் எதுவும் வேண்டாம். மற்ற காயங்களுக்கு மஞ்சள் பூசும் நானே இதற்கு வேண்டாம் என்கிறேன்.

3. இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள்.

4. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்த ஊசி இலவசம். தோல் துளைந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் 'இம்யூனோகுளோபுலின்' மருந்தும் தேவை. "அதுவும் போடணுமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள்.

ரத்தம் வராமல் லேசான சிராய்ப்பு மட்டும் இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். நகக் கீறலுக்கும், ஏற்கெனவே இருந்த புண்ணை நாய் நக்கியதற்கும் இதேதான். குட்டிக்கு ஊசி போட்டாகிவிட்டதா, வெளியே போய் வருகிறதா என்பதையெல்லாம் விசாரித்து அவர் முடிவு செய்யட்டும். முழுசாக இருக்கும் தோலை நக்கினால் பயமில்லை, கழுவினால் போதும்.

"நாயைப் பத்து நாள் பார்த்துட்டு அப்புறம் ஊசி போட்டுக்கலாமே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தவறு. ஊசியை ஆரம்பித்துவிட்டுத்தான் நாயைக் கவனிக்க வேண்டும். பத்து நாள் கழித்தும் நாய் ஆரோக்கியமாக இருந்தால் மிச்ச ஊசிகளைப் பற்றி டாக்டர் சொல்வார்.

தொப்புளைச் சுற்றி ஊசியா? பத்தியம் உண்டா?

ஊசி என்றதும் பெரியவர்கள் மிரள்வதற்குக் காரணம், அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசிகள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து அது. 2005-க்குப் பிறகு இந்தியாவில் அந்த ஊசி கிடையாது. இப்போது கையில் போடுகிறார்கள். சிறு குழந்தைகளுக்குத் தொடையில். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு அதிலிருந்து 3, 7, 28-ஆவது நாள்கள் என நான்கு முறை போக வேண்டும். தசையில் போடும் முறை என்றால் 14-ஆவது நாளும் சேர்ந்து ஐந்து முறை. இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு. காயம் ஆறிவிட்டது என்பதற்காக ஊசியை நிறுத்தக் கூடாது. காயம் ஆறுவது வேறு, கிருமி அழிவது வேறு.

"கறி சாப்பிடலாமா? தலைக்கு ஊத்தலாமா? புளி ஆகுமா?" பத்தியம் சொல்வது என் தொழில். ஆகவே நான் சொன்னால் நம்புவீர்கள்: இந்த ஊசிக்குச் சாப்பாட்டில் பத்தியம் எதுவும் கிடையாது. வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிடலாம், குளிக்கலாம். பத்தியத்துக்குப் பயந்து ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள்.

இந்த ஊசிக்காக நம் முன்னோர் பட்ட பாட்டையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1885-இல் லூயி பாஸ்டர் பாரிஸில் ஒரு சிறுவனுக்கு முதல் சிகிச்சை அளித்தார். நம் நாட்டில் 1900-இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில்தான் முதல் பாஸ்டர் நிறுவனம் வந்தது. சென்னை மாகாணத்தில் கடிபட்டவர் அங்கே போக வேண்டுமென்றால் எத்தனை நாள் ரயில் பயணம்! 1907-இல் நீலகிரி மலையில் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கிய பிறகுதான் தென்னாட்டுக்கு வழி பிறந்தது. இன்றைக்கு டவுன் பஸ்ஸில் போய் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். அதற்கும் சோம்பல்பட்டால் எப்படி?

குட்டிக்கும் ஊசி உண்டு

குட்டி வந்த முதல் வாரமே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். குடல்புழு மருந்து கொடுப்பார்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் மற்ற நோய்களுக்கான தடுப்பூசி ஆரம்பமாகும். வெறிநோய்த் தடுப்பூசி பொதுவாக மூன்று மாதம் முடிந்ததும். மூன்று நாலு வாரம் கழித்து இன்னொன்று, பிறகு வருஷத்துக்கு ஒன்று. மூன்று மாதத்துக்கு முன்பு குட்டிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். ஊசி போல் பல் இருக்கும் காலமும், எதையும் கவ்வும் காலமும் அதேதான். ஆகவே அதுவரை தெரு நாய்களோடு சேர விடாதீர்கள்.

வீட்டில் நாய் வளர்ப்பவர்கள், முக்கியமாகக் குழந்தைகள், கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளும் முறையும் இருக்கிறது. அப்படிப் போட்டவர்களுக்குப் பின்னால் கடிபட்டால் இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள்

சாப்பிடும் குட்டியை, தூங்கும் குட்டியைத் தொடக் கூடாது. வாலை, காதைப் பிடித்து இழுக்கக் கூடாது. முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சக் கூடாது. தெருவில் நாய் துரத்தினால் ஓடக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு, அதன் கண்ணைப் பார்க்காமல், மரம் மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையையும் நாயையும் பெரியவர் துணையில்லாமல் விடவே கூடாது. அது எவ்வளவு சாது நாயாக இருந்தாலும் சரி.

கடைசியாக ஒன்று. பல் பட்டதைப் பிள்ளைகள் மறைப்பதற்குக் காரணம் வலி இல்லை, பயம். 'அம்மா திட்டுவாங்க', 'குட்டியைக் கொண்டுபோய் விட்டுடுவாங்க', 'ஊசி போடுவாங்க' என்ற பயம். அதனால் இன்றைக்கு ராத்திரி சாப்பாடு ஆனதும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்: "பல் பட்டா உடனே வந்து சொல்லு. திட்ட மாட்டோம். குட்டியையும் எங்கேயும் விட மாட்டோம்." சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். அப்படியே குட்டியின் ஊசி அட்டையையும் எடுத்து, அடுத்த தேதி எது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.